வனமாலா கட்

அடியில் வெற்றிடம் உள்ள பலகையின் மேல் குதிகால் செருப்போடு ஒருத்தி நடந்தால் வருகிற சத்தம் தரையில் நடக்கிற சத்தம் போல இருக்காது. மூடிய பெட்டிக்குள்ளிருந்து யாரோ விரலை மடக்கித் தட்டுவது போல, தட்டிவிட்டு வெளியே யாருக்காவது கேட்டதா என்று சற்றுப் பொறுத்து மறுபடி தட்டுவது போல இருக்கும். மவுண்ட் ரோட்டில் ஒரு பெரிய ஹோட்டலின் ஏசி ஹாலில் அந்தச் சத்தத்தை நான் முதன்முதலாகக் கேட்டபோது கல்லூரியில் தமிழ் இலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன். அயனாவரத்தில் எங்கள் சின்னக் கேணித் தெருவின் பெண்கள் எல்லோரும் என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அவரவர் கல்யாணப் பட்டை உடுத்தி, தலை கொள்ளாமல் பூ வைத்து, குளிரில் கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு, ஒரு துணி மில் நடத்திய ஃபேஷன் ஷோவைப் பார்ப்பதற்காக வந்திருந்தார்கள். எல்லோருக்கும் பாஸ் அனுப்பியிருந்தவள் வனமாலா.

வனமாலா எங்கள் தெருவில் பிறந்தவள். பிறந்தபோது அவள் பெயர் வேம்பு. கல்யாண வீடுகளுக்குச் சமைக்கப் போகிற ரஞ்சிதத்தின் ஒரே மகள். ஜவுளிக்கடையில் புடவை எடுத்துக் காட்டுகிற வேலையில் இருந்தவளை மில்காரர்கள் பார்த்தார்கள். அவள் ஒரு புடவையைத் தோளில் போட்டுக் காட்டினால் வாங்க வந்தவர்கள் புடவையை மறந்து அவளையே பார்க்கிறார்கள் என்பதைக் கவனித்து, பெயரை மாற்றி, மேடையில் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு வாரப் பத்திரிகைகளின் அட்டையில் அவள்தான், காலண்டரில் அவள்தான். காதை மூடித் தாழ்வாகச் சுற்றிய பெரிய கொண்டைக்கு வனமாலா கொண்டை என்று பெயர் வந்தது, பாதி முகத்தை மறைக்கிற கறுப்புக் கண்ணாடிக்கு வனமாலா கண்ணாடி என்று பெயர் வந்தது, கையில்லாமல், கழுத்து படகு போல ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு ஓடுகிற ஜாக்கெட்டுக்கு வனமாலா கட் என்று பெயர் வந்தது. பட்டணத்தில் இருந்த எல்லாப் பெண்களும் ஏதோ ஒரு நாள் கதவைச் சாத்திக்கொண்டு அந்தக் கொண்டையைப் போட்டுப் பார்த்தார்கள்.

அந்த ஹாலில் பேண்டு வாசித்தார்கள், கோட்டுப் போட்ட ஒருவர் இங்கிலீஷில் ஏதோ சொன்னார், உயரமான பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து போனார்கள். பிறகு விளக்குகள் குறைந்து, ஒரே ஒரு விளக்கு மிஞ்சி, அதற்குள் எலுமிச்சை நிற ஷிஃபான் புடவையில் வனமாலா வந்தாள். உடம்பில் ஒற்றை முத்துமாலையைத் தவிர நகை இல்லை. யாரையும் பார்க்காமல், நாங்கள் எல்லோரும் ஒரு கனவில் உட்கார்ந்திருப்பவர்கள் என்பது போல, பலகையின் முனை வரைக்கும் நடந்து வந்தாள். முனையில் நின்று, கண்ணாடியைக் கழற்றி, எதற்காக வந்தோம் என்பதை மறந்துவிட்டவள் மாதிரி ஒரு கணம் இருட்டைப் பார்த்தாள். பிறகு திரும்பினாள். முதலில் தோள் திரும்பியது, அப்புறம் இடுப்பு, கடைசியில்தான் பாதம். முந்தானை எல்லாவற்றுக்கும் பின்னால், பிரிய மனமில்லாமல் வந்தது.

"கழுத்துல ஒண்ணுமே இல்ல. ஆனா எல்லாம் போட்டுக்கிட்டிருக்கிற மாதிரி இருக்குடி" என்றாள் பக்கத்தில் இருந்த குளோரி டீச்சர், கிசுகிசுப்பாக.

ரஞ்சிதத்துக்கு மட்டும் குழப்பம். "என்னா இவ, இவ்ளோ தூரம் நடந்து வந்துட்டு, ஒரு வார்த்தை சொல்லாம திரும்பிப் போறா?"

"அதான் ஃபேஷனு, ரஞ்சிதம்மா."

"நல்ல ஃபேஷன். பத்து பேரு வந்து உக்காந்திருக்கோம், வாங்கன்னு ஒரு வார்த்தை கெடயாதா?"

மறு வருஷம் வனமாலா பம்பாய்க்குப் போனாள். இங்கே உள்ளதைப் போல நாலு மடங்கு பெரிய ஹால்கள், விடிய விடிய அணையாத விளக்குகள், வெளிநாட்டிலிருந்து படம் எடுக்க வருகிறவர்கள் என்று கடிதங்களில் எழுதினாள். ஜாக்கெட்டை மட்டும் எங்கள் தெருமுனையில் இருந்த ஜைனுலாப்தீன் மாஸ்டரிடம் தைத்து அனுப்பச் சொல்வாள். பம்பாயில் யாருக்கும் அக்குள் வெட்டத் தெரியவில்லை என்று எழுதியிருந்ததை மாஸ்டர் கடைக்கு வருகிற எல்லோரிடமும் சொன்னார். ஒரு புரட்டாசியில் செய்தி வந்தது. கடலோரத்து ஹோட்டல் ஒன்றில், பெரிய ஷோ ஒன்றில், பலகையின் முனை வரைக்கும் நடந்து வந்தவள், திரும்பவில்லை. நின்றாள், கண்ணாடியைக் கழற்றினாள், அப்படியே மடங்கி உட்கார்ந்தாள். அதுவும் புது மாதிரியான ஸ்டைல் என்று நினைத்துச் சனங்கள் நெடுநேரம் கை தட்டினார்கள் என்று சொன்னார்கள். உடம்பை அங்கேயே எரித்துவிட்டார்கள். ஒரு பெட்டி மட்டும் வந்தது. ரஞ்சிதம் அதைத் திறக்கவில்லை. சமைக்கப் போவதையும் நிறுத்தினாள். கதவைச் சாத்தியவள் சாத்தியவள்தான்.

தீபாவளி வந்தது. எங்கள் பக்கத்தில் ஜாக்கெட் தைக்க யாரும் டேப் வைத்து உடம்பை அளப்பதில்லை; நன்றாகப் பொருந்துகிற பழைய ஜாக்கெட் ஒன்றைத் துணியோடு சேர்த்துக் கொடுத்துவிட்டு வருவோம், அதற்கு அளவு ஜாக்கெட் என்று பெயர். வனமாலாவின் அளவு ஜாக்கெட் மாஸ்டர் கடையிலேயே இருந்தது. அதைத் தாயிடம் கொண்டுபோய்க் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை, வேறு எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை, ஆணியில் மாட்டியிருந்தார். அந்தத் தீபாவளிக்குத் தெருவில் ஒரு பெண் பாக்கியில்லாமல் வனமாலா கட்தான் வேண்டும் என்றோம். துக்கத்தை எப்படிக் கொண்டாடுவது என்று தெரியாமல் கேட்டோமோ, அவள் இல்லாததால் இனி அது எங்களுக்கும் கிடைக்கலாம் என்ற ஆசையில் கேட்டோமோ, இன்றும் எனக்குத் தெரியாது. கழுத்து வெட்டுக்காக மட்டும் மாஸ்டர் அவளுடைய ஜாக்கெட்டை எடுத்து வெட்டுகிற பலகையில் விரித்து வைத்தார். பண்டிகை நெருக்கடி, நோன்பும் சேர்ந்துகொண்டது. எங்களுடைய அளவு ஜாக்கெட்டுகள் மூட்டையாகக் கட்டியது கட்டியபடி மூலையில் கிடக்க, அவர் கை பலகையில் கிடந்த ஒன்றையே வைத்து, துணி துணியாக, தெரு முழுவதற்கும் வெட்டிக்கொண்டே போனது.

தீபாவளிக்கு முந்தின நாள் கடைக்குப் போனவர்களிடம் மாஸ்டர் கைகூப்பி நின்றார். "அம்மா, மன்னிச்சுக்கணும். எல்லாம் அந்தப் பொண்ணு அளவுக்கே வெட்டிட்டேன். யாருக்கும் சேராது. நான் புதுத் துணி எடுத்துத் தர்றேன்."

"கொடுங்க பாய், போட்டாவது பாக்கறோம்" என்று சொல்லி வாங்கி வந்து, எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு எல்லோரும் போட்டுப் பார்த்தோம். பொருந்தியது. மூட்டை போல இருந்த பிரேமா அக்காவுக்குப் பொருந்தியது, குச்சி போல இருந்த எனக்குப் பொருந்தியது, குளோரி டீச்சருக்குப் பொருந்தியது. யாரும் மெலியவில்லை, யாரும் பெருக்கவில்லை, கண்ணாடியில் எங்கள் முகமும் எங்கள் வயிறும்தான் தெரிந்தன; ஆனாலும் கொக்கி இழுக்காமல் மாட்டியது, அக்குளில் ஒரு சுருக்கம் இல்லை. வாசற்படியைத் தாண்டித் தெருவில் கால் வைத்ததும் நடந்தோம்.

எப்படி நடந்தோம் என்று சொல்ல எனக்குத் தெரிந்த பாட்டுகளில் வார்த்தை இல்லை. தோள்கள் தாழ்ந்து, கழுத்து நீண்டு, ஒரு காலின் தடத்திலேயே மறு கால் விழ, கையில் எண்ணெய்த் தூக்கு இருந்தவள் அதை முத்துப் பையைப் போல ஏந்திக்கொண்டு, ரேஷன் பை இருந்தவள் அதைத் தரையில் படாமல் ஒரு விரலில் தொங்கவிட்டு, வெறுங்காலில் நடந்தவளுக்கும் அடியில் பலகைச் சத்தம் கேட்க, நடந்தோம். வெடி வைத்துக்கொண்டிருந்த ஆண்கள் ஊதுவத்தியை விரலில் சுட்டுக்கொண்டார்கள். கண்டக்டர் ஜெகதீசன், தன் மனைவி தேவசேனா பலகாரத் தட்டோடு எதிர்வீட்டுக்குப் போவதைப் பார்த்துவிட்டு, யாரோ விருந்தாளி என்று எழுந்து நின்று வேட்டியை இறக்கிவிட்டார்.

தேவசேனா குள்ளமானவள், உருண்டையானவள். மாமியார் வீட்டில் அவளை அம்மிக்குழவி என்று கூப்பிடுவார்கள். அவள் தெருவில் போனால் யாரும் தலை தூக்கிப் பார்த்ததில்லை, அதில் அவளுக்குப் பெரிய வருத்தம் இருப்பதாகவும் யாருக்கும் தெரியாது.

நடப்பதில் ஒரே ஒரு சிக்கல்தான் இருந்தது, அது அன்று மத்தியானமே தெரிந்துவிட்டது. எங்களால் திரும்ப முடியவில்லை. வீட்டுக்குள் எல்லாம் வழக்கம்போல. தெருவில் கால் வைத்து நடக்கத் தொடங்கிவிட்டால் போன வழியே திரும்பி வர முடியாது. தெருமுனையில் போய் நிற்போம், இடுப்பில் ஒரு கை தானாக ஏறும், முகம் கொஞ்சம் நிமிரும், அதற்கு மேல் கழுத்தும் தோளும் கேட்காது. முன்னால்தான் போகலாம். வளைந்து போகலாம், ஆனால் திரும்பக் கூடாது. ஆகவே பள்ளிக்கூடச் சுவரைச் சுற்றி, பேக்கரிச் சந்து வழியாக, கேணியடியைத் தாண்டித் தெருவின் மறுமுனையில் நுழைந்துதான் வீடு வந்து சேர்ந்தோம்.

தெரு இதற்குப் பழகியது. வேறு எதற்கெல்லாமோ பழகியது போலத்தான். தள்ளுவண்டிக் காய்கறிக்காரர் வண்டியைப் பேக்கரிச் சந்துக்கு மாற்றிக்கொண்டார், பெண்கள் எப்படியும் ஒரு தடவை அந்தப் பக்கம் வந்துதானே ஆக வேண்டும். பேக்கரியில் அந்த வருஷம் வியாபாரம் நன்றாக இருந்தது. அடிபம்புக்குப் போகிறவர்கள் காலிக் குடத்தோடு தெருவழியே போய், நிறைகுடத்தோடு சுற்றிவந்தார்கள்; குடம் தளும்பவில்லை. பர்ஸை மறந்துவிட்டு வந்தவள் ஒரு முழுச் சுற்றுச் சுற்றினாள். பிள்ளையார் கோயில் குருக்களிடம் இது தோஷமா என்று கேட்டதற்கு, "பிரதட்சிணம் பண்றவாளுக்கு இதுல என்ன கஷ்டம்? நீங்க இப்போ தெருவையே பிரதட்சிணம் பண்றேள், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டார். பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணைத் தெருவில் நடக்கவிட்டுப் பார்த்தார்கள், சம்மதம் சொன்னார்கள். ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டுப் பழையதைப் போட்டுப் பார்த்தவர்களுக்குப் பழையது எதுவும் சேரவில்லை, நடையும் மாறவில்லை. அதற்குப் பிறகு யாரும் கழற்றுவதைப் பற்றிப் பேசவில்லை.

"பஸ்ஸுல ஏறினா பரவால்ல. பஸ்ஸு திரும்பினா அவளும் சேந்து திரும்பிடறா" என்றார் ஜெகதீசன் டீக்கடையில். "கீழ இறங்கி நடந்தாத்தான் தொல்லை. ரைட்னா போறா, ஹோல்டான்னா நிக்க மாட்டேங்கறா."

"கட்டினவன் சொல்லி எவ நின்னிருக்கா? இதுக்குப் போயி தீபாவளி ஜாக்கெட்டைக் குத்தம் சொல்றியே!" என்று டீக்கடைக்காரர் சொல்ல எல்லோரும் சிரித்தார்கள்.

ரஞ்சிதம் கதவைத் திறந்தது அப்போதுதான். முதலில் ஒரு சாண் திறந்தது, பிறகு பாதி, பிறகு முழுதாக. வாசலை ஒட்டி உள்ளே உட்கார்ந்து, தெருவில் போகிற காலடிகளைக் கேட்பாள். பார்க்க மாட்டாள், பார்த்தால் பிரேமா தெரிவாள், குளோரி தெரிவாள். சுவரில் தலை சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். சுற்றிப் போன காலடி மறுமுனையில் வருகிற வரைக்கும் காத்திருப்பாள். உலை வைக்கத் தொடங்கினாள். இளைத்துப்போன முகத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. எங்களுக்கு அது சந்தோஷமாக இருந்தது. காரியம் ஏதும் இல்லாவிட்டாலும் சாயங்காலத்தில் அவள் வீட்டு வாசல் வழியாக ஒருமுறை நடந்துவிட்டு வருவதைத் தெருப் பெண்கள் ஒரு மரியாதையாக வைத்துக்கொண்டோம்.

கார்த்திகை போய் மார்கழி வந்தபோது சுற்று பெரிதாகத் தொடங்கியது. பேக்கரிச் சந்தில் வளைய வேண்டிய கால் வளையாமல் நேரே போனது. ஓட்டேரி வரைக்கும் போய்ச் சுற்றி வந்தார்கள், பிறகு புரசைவாக்கம் வரைக்கும். எங்களில் சிலருக்கு அது மெல்லத்தான் பெரிதானது; கல்லூரிக்குப் போக எனக்கு அது ஒரு விதத்தில் வசதியாகக்கூட இருந்தது. தேவசேனாவுக்குத்தான் வேகமாகப் பெரிதானது. அவள்தான் எல்லோரையும்விட அழகாக நடந்தவள், நடப்பதற்காகவே வெளியே போனவள். ஜவுளிக்கடை வாசல்களில் ஆட்கள் அவளுக்கு வழிவிட்டு நின்றார்கள், ஒரு போட்டோக்காரர் கூப்பிட்டுப் படம் எடுத்துக் கொடுத்தார். காலையில் போனவள் விளக்கு வைத்த பிறகு வந்தாள். வந்து, வீங்கிய பாதங்களை வெந்நீரில் வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்திருந்தாள். தை பிறந்த பிறகு ஒரு நாள் விளக்கு வைத்தும் வரவில்லை. ஜெகதீசன் பஸ் பஸ்ஸாகக் கேட்டுக்கொண்டே போய், சென்ட்ரல் ஸ்டேஷனில் அவளைக் கண்டுபிடித்தார். பம்பாய் ரயில் நிற்கிற பிளாட்பாரத்தில், இடுப்பில் ஒரு கையோடு, பெட்டியின் கதவுக்கு நேராக நின்றுகொண்டிருந்தாள். ரயில் புறப்படக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அவளை முதுகில் தூக்கிக்கொண்டுதான் டாக்ஸி வரைக்கும் வந்தார்.

அடுத்த நாள் குளோரி டீச்சர் ஒன்று சொன்னாள். பள்ளிக்கூட வாசலில் ஒரு சின்னக் குழந்தை பின்னாலிருந்து டீச்சர் என்று கத்தியபோது தன் கழுத்து ஒரு நூல் அளவு திரும்பியதாகச் சொன்னாள். புறப்பட்டுப் போகிறவளைப் பின்னாலிருந்து கூப்பிடுவது எங்களிடம் கிடையாது. கூப்பிட்டால் போகிற காரியம் கெடும், போகிற ஆளுக்கு ஆகாது. மறந்து வைத்துவிட்டுப் போன குடையைக்கூட ஓடிப்போய் முன்னால் நின்றுதான் கொடுப்போம். ஆகவே இத்தனை நாளும் எங்களை ஒருவரும் பின்னாலிருந்து கூப்பிட்டிருக்கவில்லை.

கூப்பிட்டுப் பார்த்தார்கள். ஜெகதீசன் நடுத்தெருவில் நின்று, "தேவசேனா!" என்று தொண்டை கிழியக் கத்தினார். அவள் காதில் அது யாருடைய பெயராகவோ விழுந்தது, போய்க்கொண்டே இருந்தாள். அப்படியானால் நடப்பவள் யாரோ அவளைத்தான் கூப்பிட வேண்டும் என்று, வனமாலா என்று கூப்பிட்டார்கள். தெருவில் அப்போது இருந்த பெண்கள் எல்லோரும் நின்றார்கள், முகவாயைக் கொஞ்சம் தூக்கினார்கள், யாரோ படம் எடுப்பதற்காக நிற்பதைப் போல நின்று, பிறகு முன்னாலேயே நடந்தார்கள். வேம்பு என்று கூப்பிட்டபோது நடை வேகமானது. அந்தப் பெயரிலிருந்து தப்பித்து ஓடுகிற வேகம்.

"பெத்தவ கூப்பிடணும்" என்றார்கள்.

ஜெகதீசன் ரஞ்சிதத்தின் வாசலில் போய் உட்கார்ந்தார். நாங்கள் சற்றுத் தள்ளி நின்றோம்.

"முடியாது" என்றாள் ரஞ்சிதம். "பம்பாய்க்குப் போறப்ப நான்தான் பின்னாலயிருந்து கூப்பிட்டேன். ஊறுகா பாட்டிலை வெச்சுட்டுப் போறியேன்னு. திரும்பிப் பாத்து, ஏம்மா பின்னால கூப்பிடறே, அப்படீன்னு சிரிச்சா. அதோட சரி. என் வாய்தான் அவளைத் தின்னுடுச்சு. இன்னொருத்தி பொண்ணையும் தின்னச் சொல்றியா?"

"அப்படியெல்லாம் இல்லம்மா."

"என்னா இல்ல? சரி, கூப்பிட்டு அவ திரும்பிட்டான்னே வெச்சுக்க. திரும்பினா முடிஞ்சுபோச்சே, தம்பி. இப்ப தெனம் என் வாசல்ல நடக்கறா. நான் கேட்டுக்கிட்டிருக்கேன். அது பொறுக்கலையா உங்களுக்கு?"

"உங்க பொண்ணு நடக்கறா. என் பொண்டாட்டி போயிக்கிட்டிருக்காம்மா" என்றார் ஜெகதீசன். எழுந்து போய்விட்டார்.

வேலைக்கு லீவு போட்டுவிட்டு, தேவசேனாவை வீட்டுக்குள்ளேயே வைத்துக் காவல் இருந்தார். அவள் சண்டை போடவில்லை. சாப்பிடவும் இல்லை. கதவுப் பக்கம் முகத்தை வைத்தபடி நின்றுகொண்டே தூங்கினாள். இப்படிச் சில நாள் போனது. மாசி மாதத்து மத்தியானம் ஒன்றில், மகள் செத்ததிலிருந்து தெருவில் இறங்காத ரஞ்சிதம் இறங்கி, குறுக்கே நடந்து, ஜெகதீசன் வீட்டுக்குள் போனாள். தேவசேனாவுக்குத் துணையாக அப்போது நான் அங்கே இருந்தேன். ரஞ்சிதம் என்னைப் பார்க்கவில்லை. தேவசேனாவின் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"எங்கடி போறே நீ?"

"நான் போகலைம்மா. காலு போவுது."

"நல்லாருக்கா?"

தேவசேனா யோசித்தாள். "நல்லாத்தான் இருக்கு. எல்லாரும் பாக்கறாங்க. லைட்டு மூஞ்சில அடிக்குது. என்னை எவன் பாத்திருக்கான் இதுக்கு முன்னாடி? அந்த மட்டும் நல்லாருக்கு."

"அப்புறம்?"

"அப்புறம் பலகை முடிஞ்சுடுது."

ரஞ்சிதம் தானும் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"கீழ என்ன இருக்குன்னு தெரியலம்மா. ஒரே இருட்டு. கை தட்டற சத்தம் மட்டும் கேக்குது, ஆளு யாரும் தெரியல. திரும்பணும்னு தெரியுது. எந்தத் தோளை முதல்ல திருப்பறதுன்னு மறந்துபோச்சு. உங்க பொண்ணு அங்கயே நிக்கறா. நீங்க உங்க வாசல்ல நடக்கறான்னு நெனச்சுக்கிட்டிருக்கீங்க. அவ இங்க இல்லம்மா. அங்கதான் நிக்கறா, தெனம். பயந்துபோய் நிக்கறா."

எங்கள் யாருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. முனை வரைக்கும் அவ்வளவு தூரம் போனவள் தேவசேனா ஒருத்திதான். ரஞ்சிதம் அவளுடைய கையை விடாமல், வீங்கிக் கிடந்த பாதங்களைப் பார்த்தபடி இருந்தாள். பிறகு தன் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஜெகதீசா, சாயங்காலம் இவளை விடு. போகட்டும்" என்று வாசலில் காவல் இருந்தவரிடம் சொன்னாள். வீட்டுக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து பெருங்காயம் தாளிக்கிற வாசனை வந்தது. கல்யாணச் சமையலுக்கு எடுக்கிற பெரிய தவலையில் அவள் உலை வைத்திருந்தாள்.

வெயில் தணிந்து தெருவில் நிழல் நீண்டபோது பெண்கள் எல்லோரும் வெளியே வந்தோம். யாரும் யாரையும் வரச் சொல்லவில்லை. மாஸ்டர் மெஷினை நிறுத்திவிட்டு இஞ்ச் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஆண்கள் சுவரோரமாக ஒதுங்கி, இரண்டு பக்கமும் வரிசையாக நின்றார்கள். அது அவர்கள் அறியாமலே அந்த ஏசி ஹாலைப் போல ஆகிவிட்டது. நாங்கள் நடந்தோம். எல்லோருக்கும் முன்னால் தேவசேனா, குள்ளமான, உருண்டையான தேவசேனா, உலகத்தில் உள்ள அத்தனை பெரிய ஊர்களின் அத்தனை விளக்குகளும் தன் மேல் விழுவது போல நடந்தாள். அவள் தெருமுனையை எட்டியபோது, எங்கள் எல்லோருக்கும் அடியில் பலகை அதிர்ந்தது. எங்கள் எல்லோருக்கும் முன்னால், சாயங்கால வெளிச்சத்தின் நடுவிலேயே, அந்த இருட்டு தெரிந்தது. அதன் விளிம்பில் கால்விரல்கள் போய் நின்றன. கைதட்டல் மட்டும் மழை போல வந்துகொண்டிருந்தது.

பின்னாலிருந்து ரஞ்சிதத்தின் குரல் வந்தது. அவள் எந்தப் பெயரையும் சொல்லவில்லை.

"அடியே, எங்கடி போறே? வந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போடி!"

முதலில் தோள் திரும்பியது. இடது தோள். அப்புறம் இடுப்பு, கடைசியில் பாதம். தெருவில் இருந்த எல்லாப் பெண்களும் ஒரே நேரத்தில், அவ்வளவு மெதுவாக, அவ்வளவு அழகாகத் திரும்பினோம். முந்தானைகள் பின்னால் வந்தன. திரும்பிய என் கண்ணுக்கு ரஞ்சிதம் தெரிந்தாள், கரண்டியோடு, வேர்த்த முகத்தோடு, வாய் கொஞ்சம் திறந்தபடி. எங்கள் எல்லோரிடத்திலும் அவள் ஒரே முகத்தைப் பார்த்தாள் என்று அந்தக் கண்களில் இருந்து தெரிந்தது.

"வரேம்மா" என்றோம். அது எங்கள் குரல் இல்லை.

போன வழியே நடந்தோம். ரஞ்சிதத்தின் வாசல் வரைக்கும் நடந்தோம். அங்கே ஒருத்தி பின் ஒருத்தியாகக் கால்கள் நின்றன. பாதம் வலித்தது, இடுப்பு வலித்தது, மூச்சு வாங்கியது. தையல் விடுகிற சத்தம் கேட்டது. பிரேமா அக்காவின் கொக்கிகள் தெறித்தன, எனக்கு ஜாக்கெட் தோளிலிருந்து தொளதொளவென்று இறங்கியது, எல்லோரும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டோம். நாங்கள் நின்ற பிறகும் ஒரு காலடி நிற்கவில்லை. எங்கள் நடுவாகப் போய், படி ஏறி, உள்ளே போனது. ரஞ்சிதம் அதன் பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளே இலையை உதறிப் போடுகிற சத்தமும், "இன்னும் கொஞ்சம் வெச்சுக்க" என்று அவள் சொல்வதும் கேட்டது. இருட்டுகிற வரைக்கும் கேட்டது. நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு அவரவர் வீட்டுக்குப் போனோம்.

தேவசேனா மட்டும் திரும்பியதோடு தெருமுனையிலேயே உட்கார்ந்துவிட்டிருந்தாள். கிழிந்த ஜாக்கெட்டின் மேல் ஜெகதீசன் தன் காக்கிச் சட்டையைக் கழற்றிப் போர்த்தினார்.

"வந்துட்டே" என்றார்.

"ம். வந்துட்டேன்." அவள் தெருவை இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் பார்த்தாள். "இவ்வளவு சின்னதாவா இருந்துது இது?"

காலையில் ரஞ்சிதம் கதவைத் திறந்து தவலைச் சோற்றைத் தெருவில் உள்ள எல்லோருக்கும் பங்கிட்டாள். சோறு ஆறியிருந்தது, குறைந்திருக்கவில்லை. காலடி கேட்கிறதா என்று நாங்கள் கேட்கவில்லை. அவள் வாசலை ஒட்டி உட்காருவதை விட்டுவிட்டதிலிருந்தே இனிக் கேட்காது என்று தெரிந்துவிட்டது.

மாஸ்டர் அதற்குப் பிறகு ஜாக்கெட் தைக்கவில்லை, பள்ளிக்கூடச் சட்டை மட்டும் தைத்தார். ஃபேஷன் ஷோக்கள் நடந்துகொண்டுதான் இருந்தன, வேறு பெண்கள் வந்தார்கள், கொண்டை உச்சிக்கு ஏறியது, கண்ணாடி சிறிதானது. தேவசேனா அண்ணா நகரில் ஒரு ஜவுளிக்கடையில் சேர்ந்து, கல்லாவுக்குப் பின்னால் புடவை மடித்து வைக்கிற வேலை பார்த்தாள். ரஞ்சிதம் மறு வருஷம் செய்யாறில் தம்பி வீட்டுக்குப் போனாள். அங்கே கொட்டகையில் மாட்டை அவிழ்த்துக் கட்டும்போது விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, எழுந்திருக்காமல் கிடந்து, பங்குனியில் செத்துப்போனாள்.